கடைசி ஆளுக்கு எங்கே ஓய்வு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டிப்பெரியாற்றில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. தைப்பூசத்துக்கு பழனிக்குப் பாதயாத்திரை போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வீட்டு வாசலிலிருந்தே நடந்து, குமுளி வழியாக இறங்கி, கம்பத்தில் ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். போன மாதம் சக ஆசிரியர்களோடு பருந்தும்பாறைக்கு நடந்து போனோம். தொடக்கத்திலிருந்தே நான்தான் கடைசி. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். திரும்பும்போது ஒருவர், "டீச்சர், இந்த நடைக்குப் பழனியெல்லாம் பஸ்தான் சரி" என்றார். வேகம் வந்த பிறகுதான் நீண்ட நடைக்கு ஆசைப்பட வேண்டுமா?

– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

அன்புள்ள சகோதரிக்கு,

தேவையே இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது அந்தப் பஸ் பேச்சைப் படித்தபோதுகூட அல்ல, அதற்கு முந்தைய வரியில். முன்னால் போனவர்களுக்கு ஒவ்வொரு வளைவிலும் நல்ல ஓய்வு கிடைத்திருக்கிறது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. இப்படி நடத்தினால் யாராக இருந்தாலும் மதியத்துக்குள் துவண்டுவிடுவார்கள். கடைசி ஆள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்வு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட நல்லது, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது. எங்கள் தெருவில் சபரிமலைக்கு ஆள் கூட்டிப்போகும் குருசாமி ஒருவர், பெரிய பாதையில் கரிமலை ஏற்றம் வந்ததும் வயதானவர்களையும் கன்னிசாமிகளையும் முன்னால் அனுப்பிவிட்டு, தான் கடைசியில் வருவார். இளவட்டங்கள் முணுமுணுக்கும். ஆனால் எல்லாரும் ஒன்றாகத்தான் பம்பையில் இறங்குவார்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது நன்றாகப் பழகிய உடம்புக்கு. நீங்கள் சமதளத்தில் மணிக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி, 11 பிள்ளைகள் பெற்றவர், 1955-இல் தன் 67-ஆவது வயதில் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த பை. 146 நாள் ஆயிற்று. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 22, 23 கிலோமீட்டர்தான் வரும். சமதளமாக இருந்தால் உங்கள் வேகத்திலேயே எட்டு மணி நேரத்தில் முடிகிற தூரம். அவ்வளவு நாளும் காலையில் எழுந்து மறுபடி நடக்க முடிந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

அதனால் பயிற்சியிலும் மறுநாள் காலையைத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை 8 கிலோமீட்டர் நடங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே 8. ஞாயிறு காலை கட்டிலைவிட்டு இறங்கும்போது குதிகாலும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். சாதாரணமாக இறங்க முடிந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம், பிடித்து இழுத்தால் கூட்டாதீர்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும்; தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்ற தைரியத்தில் தூரத்தைக் கூட்டித்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாதியில் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஏற்றம் ஏறுவதற்கு உங்கள் ஊரிலேயே பெரிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறும் பெண்களின் காலைப் பாருங்கள். அடி சின்னதாக இருக்கும். முழுப் பாதமும் தரையில் படியும். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் பின்னங்காலின் முழங்கால் ஒரு கணம் நேராகி, பாரத்தை எலும்பு வாங்கிக்கொள்ளும். தசைக்கு அந்த ஒரு கணம் ஓய்வு. மலையேற்றப் பயிற்சியில் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வித்தை இது.

வீட்டு வாசலிலிருந்து நடக்கும் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மாற்றம்: குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை பஸ்ஸில் இறங்குங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் தொடையை வாங்கும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது; இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அப்போது நீங்கள் தேனிப் பக்கம் தார் ரோட்டில் இருப்பீர்கள். இல்லை, நடந்துதான் இறங்குவேன் என்றால் முன்கூட்டியே இறங்கிப் பழகுங்கள். ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகிய தொடை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு வலிக்காது. மார்கழியில் குமுளி மலைச்சாலை சபரிமலை வண்டிகளால் நிறைந்திருக்கும், அதனால் பயிற்சியை உங்கள் எஸ்டேட் சரிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும்.

இன்னொன்று, உங்கள் ஊர்க் குளிர் கீழே இருக்காது. தை மாத விடியலில் கம்பம் பள்ளத்தாக்கு இதமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் தார் சுடும். இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். இருட்டில் எதிரே வண்டி வருவது தெரியும்படி வலது ஓரமாக, வரிசையாக, ஒளிரும் பட்டையோடு நடக்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இல்லையென்றால் பழகிய ஷூவே போடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு வெறுங்கால் கூடவே கூடாது. பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தினால் அடுத்த டீக்கடை வரை பொறுக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பயன் இல்லை.

குழுவில் சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியில் வருபவரோடு யார் வருவார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு குழு பாருங்கள். கம்பத்தில் எங்கள் தெருவிலிருந்தும் ஒரு குழு போகிறது. அந்தக் குருசாமியிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். இரண்டு ஞாயிறு போகட்டும், கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா