குன்னூர்ப் பையனுக்குத் தாமஸ் ரயில் செட் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. தாமஸ் ரயில் கார்ட்டூன் என்றால் அவனுக்கு உயிர். பேட்டரியில் ஓடிப் பேசும் தாமஸ் செட் ஒன்றைக் கடையில் பார்த்ததிலிருந்து தினமும் கேட்கிறான். பாதை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாக என் நாத்தனார் சொல்கிறார். கணவரோ, ஒரே வாரத்தில் மூலையில் கிடக்கும் என்கிறார். வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தையும் தவழ்கிறாள். வாங்கலாமா?

பதில்: தாமஸை வாங்குங்கள், அந்த செட் வேண்டாம். பேட்டரி இல்லாமல் கையால் தள்ளி ஓட்டும் மர இன்ஜின் ஒன்று, அதில் மாட்டிக்கொள்ள இரண்டு பெட்டிகள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு பல வருடமாக வேலை செய்கிறேன். சீக்கிரம் மூலைக்குப் போவது பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் பொம்மைதான். சுவிட்சைப் போட்டால் ஓடும், கூவும், அதே வட்டத்தைச் சுற்றும். பிள்ளைக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை, உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். கையால் தள்ளும் இன்ஜின் பேசாது. அதனால் அவன் அதற்காகப் பேசுவான். ரயில் எங்கே நிற்க வேண்டும், யார் ஏறலாம், மண் சரிந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அவனே முடிவு செய்வான்.

உங்கள் மகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. பேசிப் பாடும் மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குழந்தையிடம் பேசியது குறைந்தது, குழந்தை குரல் கொடுப்பதும் குறைந்தது. படப் புத்தகம் வைத்திருந்தபோதுதான் பேச்சு அதிகம். பத்து மாதத்தில் அவள் காதில் விழ வேண்டியது உங்கள் குரலும் அண்ணன் குரலும்தான்.

கார்ட்டூன் பொம்மை என்பதாலேயே ஒதுக்கவும் தேவையில்லை. 1980-களில் வந்த ஹீ-மேன் போன்ற சில தொடர்கள், கடைக்கு வந்த பொம்மையை விற்கவே எடுக்கப்பட்டவை. தாமஸ் பிறந்த கதை வேறு. 1940-களில் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், தட்டம்மை கண்டு படுத்திருந்த மகனுக்கு ரயில் கதை சொல்லத் தொடங்கினார். பிறகு துடைப்பக் கம்பையும் மரத்துண்டுகளையும் வைத்து அவனுக்கு இன்ஜின் செய்து கொடுத்தார். அப்படிச் செய்த ஒன்றின் பெயர்தான் தாமஸ். தொலைக்காட்சித் தொடர் வந்தது 1984-இல். ஆக, முதல் தாமஸ் ஒரு மரக்கட்டை. அதற்குக் குரலும் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

கார்ட்டூன் பொம்மையில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. தாமஸ் வந்தால் அடுத்து பெர்சி, ஜேம்ஸ், கோர்டன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். பெட்டியின் பின்பக்கம் எல்லா இன்ஜின்களின் படமும் இருக்கும், அதைக் காட்டாதீர்கள். இன்னொரு அமெரிக்க ஆய்வில், பதினாறு பொம்மைகளோடு விட்டதைவிட நான்கே பொம்மைகளோடு விட்டபோது ஒன்றரை வயது தாண்டிய பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதமாக விளையாடினார்கள்.

சரி, பாதைக்கு என்ன செய்வது? உங்கள் ஊரில் இருக்கும் வசதி வேறு எங்கே கிடைக்கும்! ஒருநாள் முற்பகலில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து அவனைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலில் நீராவி இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். கார்ட்டூனில் இன்ஜின் முன்னால் இழுக்கும். இங்கே பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஒருவர் நிற்பார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் தண்டவாளம் உண்டு. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது, ஏனென்றால் ஏறக்குறைய 12 அடி போவதற்குள் 1 அடி ஏறும் சரிவு அது.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேல்தாளை உரியுங்கள். உள்ளே வரிவரியாக இருக்கும். அதை நீளமாக வெட்டிப் பலகையில் ஒட்டி, பலகையைக் கட்டிலில் சாய்த்து வையுங்கள். அவனுக்குப் பல் தண்டவாளம் தயார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டால் மேட்டுப்பாளையமும் வந்துவிடும். இனி தாமஸை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று அவன் யோசிப்பான். 3,800 ரூபாய் பாதையில் இந்தக் கேள்வியே எழாது.

இனி பாதுகாப்பு. பத்து மாதக் குழந்தை தவழும் வீடு, இதில் சமாதானமே வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். சீசன் நேரத்தில் நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் தாமஸில் முத்திரை இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். பெரிய பிராண்டு என்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. 2007-இல் பெயிண்டில் ஈயம் இருந்ததால் சுமார் 15 லட்சம் தாமஸ் மர ரயில் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று இருந்தால் அது மகனுக்குத்தான் பொருந்தும், மகளுக்கு அல்ல. சோதனைக்கூடத்தில் 3.17 செ.மீ. வாயுள்ள உருளைக்குள் அடங்கும் எதையும் தொண்டையில் அடைக்கும் பொருளாகக் கணக்கிடுவார்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 2.7 செ.மீ., அதைவிடச் சற்றுப் பெரியதும் ஆபத்துதான். மர ரயிலில் பெட்டிகளை இணைப்பது காந்தம். வாங்கியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், வாராவாரம் பாருங்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

பேசும் பொம்மைகள் சிலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்குரூ போட்டு மூடாத பேட்டரி மூடி எந்தப் பொம்மையில் இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது.

நம் மலை ஈரத்தையும் மறக்க வேண்டாம். பேட்டரி பொம்மையை மழைக்காலம் முழுக்க அலமாரியில் விட்டால் முனைகளில் பச்சை பூத்துவிடும். மர இன்ஜினைத் தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாடும் இடத்தில் வைத்தால் போதும்.

நாத்தனாரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் இன்ஜினும் பெட்டியும் வாங்கித் தரட்டும். மீதிப் பணத்தில் பிறந்தநாளன்று அத்தையும் மருமகனும் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போய் வரட்டும். அந்தப் பாதையில் இழுப்பது டீசல் இன்ஜின், அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.