டிராக்டர் பட்டறைக் கணக்கு: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் டிராக்டர் பட்டறையும் ஸ்பேர்ஸ் கடையும் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணே, ஐடிஐ முடித்து ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். சொந்தமாகப் போட்டால் தாக்குப்பிடிக்குமா? (கல்லல்)

வேலை வரும் தம்பி, காசு வருவதுதான் கஷ்டம். நம்முடையது கண்மாயையும் வானத்தையும் நம்பிய பூமி. ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு தொடங்கினால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும். அப்போது விவசாயி கையில் காசு இருக்காது. தை, மாசியில் நெல் அறுத்த பிறகுதான் தருவார். நீ பேரிங், கிளட்ச் பிளேட் வாங்கும் மொத்தக் கடைக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். சாமான் 20,000 ரூபாய், கூலி 5,000. பாதிப் பணம் பாக்கி என்றால் 12,500. உன் கூலி முழுக்க நின்றுபோகிறது, அதற்கு மேல் 7,500 உன் கைக்காசு. அதனால் சாமான் காசை முதலிலேயே வாங்கிவிடு, கூலிக்கு மட்டும் தவணை கொடு. மழை பொய்த்தால் அதுவும் அடுத்த தைக்குத் தள்ளிப்போகும். அவரை நெருக்கவும் மனசு வராது, பாவம், அவருக்கும் விளைச்சல் போயிருக்கும். கோடையில் டிரெய்லர், டேங்கர் வெல்டிங் வேலையும் பிடித்து வை.

ஷோரூமில் ஸ்பேர்ஸ் விலை ஏன் கூடுதலாக இருக்கிறது? (தேவகோட்டை)

புது வண்டியில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. விற்காமல் நிற்கும் வண்டிக்கு வட்டி ஓடும், போட்டிக்குத் தள்ளுபடியும் கொடுக்க வேண்டும். வாடகையையும் சம்பளத்தையும் ஸ்பேர்ஸும் சர்வீஸும்தான் தாங்குகின்றன. ஹைட்ராலிக் பம்ப், இன்ஜெக்டர் போன்றவற்றை அசலாகவே வாங்குங்கள். கலப்பைக் கொழு, போல்ட் எல்லாம் வெளியே வாங்கலாம். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர், டியூபுக்கு 18லிருந்து 5 ஆகவும் குறைந்துவிட்டது. பில்லை ஒரு தடவை பாருங்கள்.

ஐயா, 50 எச்பிக்கு மேல் வாங்கினால் ஊர்ப் பட்டறையில் பார்ப்பார்களா? (சிங்கம்புணரி)

2023 ஜனவரி 1 முதல் அந்த வகைப் புது வண்டிகளுக்கு டிரெம் 4 புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பெரும்பாலும் எலக்ட்ரானிக் முறையில் டீசல் செலுத்துகிறார்கள். பழுது கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும், எங்களைப் போன்றவர்களிடம் அது அரிது. உழவு நேரத்தில் வண்டி டீலர் வாசலில் காத்துக் கிடந்தால் ஈரம் காய்ந்துவிடும். நம் சின்ன வயல்களுக்கு 35 முதல் 45 எச்பி தாராளம். வாங்கிய பொருளை நமக்கு வேண்டிய இடத்தில் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் அமைத்த குழுவின் பட்டியலில் விவசாயக் கருவிகளும் உண்டு. சர்வீஸ் கையேடும் ஸ்கேனரும் எங்கள் கைக்கும் வர வேண்டும். இதை விவசாயிகளும் சேர்ந்து கேட்க வேண்டும்.

மெக்கானிக் நிலைக்க மாட்டேன் என்கிறார்களே? (புதுவயல்)

தொழில் பழகிய பையன் சிங்கப்பூரோ துபாயோ போகத்தான் பார்ப்பான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மாசச் சம்பளத்தோடு சீசன் கூலியில் பங்கு கொடுங்கள். வேலை இல்லாத மாசத்திலும் சம்பளத்தை நிறுத்தாதீர்கள்.