வைஃபை எட்டவில்லை என்றால் போர்டு போய்விட்டதாக அர்த்தமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். போன மாதம் என் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு பேட்டரி மாற்றினேன். அதற்கப்புறம் ரூட்டர் இருக்கும் முன்னறையில் மட்டும்தான் வைஃபை கிடைக்கிறது. அடுப்படிக்குப் போனால் அறுந்துவிடுகிறது. மகளின் போனில் அங்கேயும் நன்றாக வருகிறது. போனைக் கால்சட்டைப் பையில் வைத்தால் புளூடூத் இயர்போனும் விட்டுவிட்டுக் கேட்கிறது. அழைப்பு, டேட்டா இரண்டிலும் குறையில்லை. கடைக்காரர் போர்டு (போனுக்குள் சிப்புகள் பதிந்திருக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டது, 350 வெள்ளி ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் போர்டைவிட ஆண்டெனா மேல்தான் எனக்குச் சந்தேகம்.

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. வைஃபை சிப் செத்துவிட்டால் பெரும்பாலும் வைஃபை பொத்தானே வேலை செய்யாது. தட்டினாலும் அணைந்துவிடும், அல்லது சாம்பல் நிறத்தில் கிடக்கும். உங்களுடையது ரூட்டர் பக்கத்தில் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியென்றால் சிப் உயிரோடுதான் இருக்கிறது, அலைதான் வெளியே சரியாகப் போய் வரவில்லை. புளூடூத்தும் கூடவே திணறுவது இன்னும் பலமான சாட்சி. பெரும்பாலான போன்களில் இரண்டும் ஒரே சிப்பில் இருந்து, ஒரே ஆண்டெனா வழியாகப் போகின்றன. அழைப்புக்கும் டேட்டாவுக்கும் வேறு ஆண்டெனா. அதனால்தான் அவை தப்பித்தன.

ரூட்டரைக் குற்றம் சொல்லவும் இடமில்லை, மகளின் போன் அதே அடுப்படியில் எடுக்கிறதே. ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். பல ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் அனுப்பும். 5 வேகமானது, ஆனால் செங்கல் சுவரைத் தாண்டச் சிரமப்படும். மகளின் போன் 2.4-லும் உங்களுடையது 5-லும் இருந்தால் ஒப்பீடே செல்லாது. இரண்டையும் 2.4-இல் வைத்துக்கொண்டு சோதியுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-இல்தான் இயங்குகிறது, ஆனால் அதன் தொல்லை அது ஓடும் நேரத்துக்கு மட்டும்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். போனின் உறையைக் கழற்றுங்கள். காரில் ஒட்டிவைக்க உள்ளே இரும்புத் தகடு செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதுவே அலையை மறைக்கும். வைஃபை சிக்னல் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இரண்டு போனிலும் போட்டு, ரூட்டரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணில் வரும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலம். மகளுடையது -40, உங்களுடையது -65 என்று வந்தால் அது சின்ன வித்தியாசமில்லை. 20 குறைந்தாலே கிடைக்கும் சக்தி நூறில் ஒரு பங்குதான்.

இப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே போனின் முதுகை, குறிப்பாகக் கேமரா பக்கத்து ஓரங்களை, கட்டைவிரலால் இலேசாக அழுத்துங்கள். கை மறைத்தால் எண் குறைவதுதான் வழக்கம். அழுத்தும்போது -65 சட்டென்று -48-க்கு ஏறினால், உள்ளே ஏதோ சரியாக ஒட்டாமல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பேட்டரி மாற்றப் பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் திருகாணிகளைக் கழற்றுவார்கள். பல மாடல்களில் ஆண்டெனா அந்தத் தட்டிலேயே பதிந்திருக்கும். போர்டில் அரிசிமணியைவிடச் சிறிதாகத் தங்கநிறச் சுருள்தகடு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். தட்டை மூடும்போது அது ஆண்டெனாவின் புள்ளியில் போய் அமர வேண்டும். ஒரு திருகாணி விடுபட்டாலோ, தகடு மடங்கினாலோ, புள்ளியில் பசை படிந்தாலோ தொடர்பு அரைகுறைதான். சில மாடல்களில் தகட்டுக்குப் பதில் மெல்லிய கேபிள் இருக்கும், அதைக் குத்த மறந்திருக்கலாம்.

போர்டையும் முழுக்க ஒதுக்கிவிட முடியாது. போன் ஆறியிருக்கும்போது வைஃபை கிடைத்து, சூடானதும் அடியோடு மறைந்தால் சிப்பின் பற்றவைப்பில் விரிசல் இருக்கலாம். இதைச் சோதிக்கிறேன் என்று போனைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பேட்டரி மாற்றிய கடைக்கே போய், "பின்பக்கம் திறந்து ஆண்டெனா தொடர்பைத் துடைத்து, திருகாணி எல்லாம் இருக்கிறதா பாருங்கள்" என்று கேளுங்கள். ஆண்டெனா தட்டு கெட்டிருந்தால்கூட அதை மட்டும் மாற்றலாம். போர்டு விலை வராது. மூடியதும் அங்கேயே, கடை வைஃபையில், இன்னொரு போனோடு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்பு சுத்தமாகி, தட்டும் மாற்றி, எண் அப்படியே கிடந்தால் அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.