பழைய டால்ஃபின் சிட்டியை நம்பலாமா? கேள்வி பதில்

2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்ற ஹோண்டா சிட்டியை அதன் உருவத்தை வைத்து டால்ஃபின் என்பார்கள். 2006-ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 72,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,94,000. அதை வாங்க நினைப்பவர்களும் வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சேலம் வாசகர்: ஐயா, இருபது வயது வண்டியின் என்ஜினை நம்பி நெடுஞ்சாலையில் போகலாமா?

எண்ணெயை ஒழுங்காக மாற்றியவர் கையில் இருந்த வண்டியென்றால் தாராளமாகப் போகலாம். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் பெல்ட் அறுந்து என்ஜின் கெடும் பயம் இல்லை. வழியில் நிறுத்துவது பெரும்பாலும் ரப்பர்தான். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், என்ஜின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ஓடாமல் நின்றாலும் வயதாகி வெடிக்கும். ‘வீட்டிலேயே நின்ற வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் கூடுதலாகத் தயங்குவேன்.

திருச்சி வாசகர்: என்னுடையது ஐ-டிஎஸ்ஐ மாடல். மேட்டில் ஏறும்போது குலுக்குகிறது. பிளக் புதிது என்கிறார் மெக்கானிக்.

எத்தனை பிளக் புதிது என்று கேளுங்கள். இந்த என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. முன்வரிசை நான்கும் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும். பின்வரிசை நான்கும் முன்கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. வைப்பரையும் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால்தான் கை போகும். அந்த வேலைக்குச் சோம்பி நான்கோடு நிறுத்திவிடுவது உண்டு.

எனக்கும் ஒரு பணிமனையில் எட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நான்கைத்தான் மாற்றியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மெக்கானிக் பின்வரிசையைக் கழற்றியபோது பிளக்குகள் கிரீச்சென்று முனகிக்கொண்டு வந்தன. முனை தேய்ந்து, இடைவெளி நகக்கண் அளவுக்கு விரிந்திருந்தது. அன்று மாலையே குலுக்கல் நின்றது. கழற்றிய எட்டையும் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். பிறகும் குலுக்கினால், என்ஜின் ஆறிய நிலையில் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, சரிபார்க்கச் சொல்லுங்கள். அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சென்னை வாசகி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ கைமாறியிருக்கும். ஆகவே இந்தச் சந்தேகம் நியாயமானது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தங்கும். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளையும் ஸ்டெப்னி குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நனைந்த வயரிங் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோளாறு காட்டும்.

மதுரை வாசகர்: மீட்டரைக் குறைத்திருப்பார்களோ?

சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். 60,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் நம்ப வேண்டாம்.

கோவை வாசகர்: ஆர்சி காலம் முடியப்போகிறதாம். வாங்கலாமா?

சொந்த உபயோகக் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. புதுப்பித்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: அப்பாவின் 2005 சிட்டி அவர் மறைந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறேன்.

கட்டாயம் ஓட்டுங்கள் அம்மா. ஆனால் உடனே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3416 என்றால் 2016-இன் 34-ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழையதென்றால் டயரின் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். முதல் வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் எங்கே சொட்டியிருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.