வெள்ளி வாளும் குளிரிரும்பும்: வன்னி மேசையாட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வன்னியில் பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகளுள், அரக்கர்களின் உடற்காப்பையும் அதை ஊடறுக்கும் ஆயுத உலோகங்களையும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், பாத்ஃபைன்டர் ஆகிய ஆட்டங்களின் விதிகளைச் சார்ந்தவை. எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு வாசியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி (கிளிநொச்சி, மாணவர்): அண்ணா, ஓநாய்மனிதன் மேல் என் வாள் பட்டது என்று ஆட்ட நடத்துநர் ஒப்புக்கொண்டார். ஆனால் சேதம் ஒன்றுமில்லை என்றார். பட்ட பின்னும் சேதமில்லாமற் போவது எப்படி?

பதில்: தம்பி, படுவது வேறு, புண்படுத்துவது வேறு. இருபது பக்கப் பகடையில் நீங்கள் வென்றது முதற்படியை மட்டுமே; உடற்காப்பு இரண்டாம் படியிலேயே குறுக்கிடுகிறது. 2003இல் வெளியான டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் மூன்றரைப் பதிப்பில் பிறவி ஓநாய்மனிதனின் காப்பு, வெள்ளி அல்லாத ஆயுதம் தரும் ஒவ்வோர் அடியிலிருந்தும் 10 சேதத்தைக் கழிக்கிறது. உங்கள் நீள்வாள் எட்டுப் பக்கப் பகடையோடு உடல்வலுவின் 3ஐச் சேர்த்து 4 முதல் 11 வரை சேதம் தருமென்றால், பகடையில் எட்டு விழுந்தால் மட்டுமே ஒரேயொரு புள்ளி உள்ளே போகும். அதே வாளுக்கு வெள்ளிப் பூச்சு இருந்தால், 1 குறைந்து 3 முதல் 10 வரை ஆகும். ஆனால் அது முழுவதும் உள்ளே போகும்.

2014இல் வந்த அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு இந்தக் கழித்தலைக் கைவிட்டது. அங்கே ஓநாய்மனிதனுக்கு, மந்திரமும் வெள்ளியும் இல்லாத ஆயுதங்களிடமிருந்து முழுக்காப்பு உண்டு. 50 சேதம் கொடுத்தாலும் பூச்சியமே. என் விருப்பம் பழைய முறைதான். இரண்டு ஆறுபக்கப் பகடைகளோடு 6ஐச் சேர்த்து அடிக்கும் இருகை வாள்வீரர், வெள்ளி இல்லாமலே அடிக்குச் சராசரியாக மூன்று புள்ளியாவது உள்ளே செலுத்துவார். மெதுவாகவென்றாலும் வலிமைக்கு ஒரு வழி இருக்கிறது. முழுக்காப்பு அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

கேள்வி (முல்லைத்தீவு): இரண்டு கைகளிலும் குறுங்கத்தி வைத்துப் பலமுறை குத்துவது நல்லதா, ஒரே பெருங்கோடரியால் ஓங்கி வெட்டுவது நல்லதா?

பதில்: இதற்கு ஆட்டத்துக்கு ஆட்டம் நேர்மாறான விடை கிடைக்கும் என்பதே இதிலுள்ள சுவை. மூன்றரைப் பதிப்பில் உரிய உலோகம் உங்களிடம் இல்லையென்றால் ஒவ்வோர் அடியிலும் காப்பு தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். ஆகவே நான்கு சிறு குத்துகள் நான்கு முறை கழிபட்டு ஒன்றுமில்லாமற் போக, ஒரு பெருவெட்டு ஒருமுறை மட்டுமே கழிபடும். 2019இல் வந்த பாத்ஃபைன்டர் இரண்டாம் பதிப்போ ஓநாய்மனிதனுக்குக் காப்பைத் தராமல் வெள்ளிக்கு 5 என்னும் பலவீனத்தைத் தருகிறது. வெள்ளி படும் ஒவ்வோர் அடிக்கும் 5 சேதம் மேலதிகமாகச் சேரும் என்பதால், அங்கே வெள்ளிக் குறுங்கத்தியால் அடுத்தடுத்துக் குத்துபவரே அதிகம் பயன் பெறுவார். வெள்ளியே இல்லாதவரும் அந்த ஆட்டத்தில் வழக்கமான சேதத்தைத் தடையின்றிக் கொடுக்கலாம். உலோகம் தெரியாதவரைத் தண்டிக்காமல், தெரிந்தவருக்குப் பரிசு தரும் விதி அது.

கேள்வி (வவுனியா): எந்த எதிரிக்கு எந்த உலோகம் என்று சொல்ல முடியுமா?

பதில்: மூன்றரைப் பதிப்பின்படி, உருமாறும் விலங்குமனிதர்களுக்கு வெள்ளி. வனத்து ஃபே இனங்களுக்கு, அதாவது மாய வனவாசிகளுக்கு, குளிரிரும்பு (அது என்னவென்று பின்னர் சொல்கிறேன்). தீய அரக்கரின் இரு வேறு இனங்களுள் டீமன்களுக்குப் பெரும்பாலும் குளிரிரும்பும், டெவில்களுக்குப் பெரும்பாலும் வெள்ளியும் பொருந்தும். மந்திரத்தால் நடமாடும் சிலைகளான கற்கோலெமுக்கும் இரும்புக் கோலெமுக்கும் அடமன்டைன் என்னும் மிகக் கடினமான கற்பனை உலோகம். முன்னதன் காப்பு 10, பின்னதன் காப்பு 15. எலும்புக்கூட்டுக்கு உலோகம் ஒரு பொருட்டேயல்ல. அதற்கு வேண்டியது நொறுக்கும் ஆயுதம், ஒரு பொல்லுக்கட்டை போதும். குறிப்பில் ‘மற்றும்’ என்ற சொல் வருகிறதா என்று கவனியுங்கள். களிமண் கோலெமுக்கு அடமன்டைன் மற்றும் நொறுக்கும் தன்மை என்று இருப்பதால், விலை கொடுத்து வாங்கிய அடமன்டைன் வாள் அங்கே உதவாது. அடமன்டைன் சம்மட்டிதான் உதவும்.

கேள்வி (மாங்குளம்): எங்கள் குழு ஏழைக் குழு. வெள்ளிக்குப் பணம் எங்கே போவது?

பதில்: மூன்றரைப் பதிப்பில் ஒருகை ஆயுதத்துக்கு வெள்ளி பூச 90 பொற்காசு மேலதிகமாக வேண்டும், அம்பொன்றுக்கு 2 பொற்காசுதான். எனவே அம்புகளை வாங்குங்கள். இலக்கில் பட்ட அம்பு அழிந்துவிடும் என்பதால் மிச்சம் பிடித்துத்தான் எய்ய வேண்டும். ஐந்தாம் பதிப்பில் ஓர் ஆயுதத்துக்கோ பத்து அம்புகளுக்கோ 100 பொற்காசு. அங்கே வாளே இலாபம். அம்பில் நஞ்சு தடவும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: மூன்றரைப் பதிப்பில் காப்பு சேதம் முழுவதையும் விழுங்கிவிட்டால் நஞ்சும் உடலில் ஏறாது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மந்திர வாள் இருந்தால் உலோகம் தேவையில்லைத்தானே?

பதில்: 2014இன் ஐந்தாம் பதிப்பில் தேவையில்லை. அதனாலேயே அங்கே சில நிலைகள் ஏறியதும் வெள்ளியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றரைப் பதிப்பில் தேவை. எத்தனை வலிய மந்திர வாளும் வெள்ளியாகிவிடாது. பாத்ஃபைன்டர் முதற்பதிப்பு நடுவழியில் நிற்கிறது: +3 வாள் (கூட்டல் எண் மந்திர வலிமையின் அளவு) வெள்ளிக்கும் குளிரிரும்புக்கும் ஈடாகும், +4 வாள் அடமன்டைனுக்கும் ஈடாகும். ஆனால் நெருப்பு வாளின் தீச்சேதத்தை மூன்றரைப் பதிப்பின் சேதக்குறைப்பு, அதாவது மேலே சொன்ன கழிக்கும் காப்பு, தொடாது. உலோகம் இல்லாத நாளில் தீயே துணை.

கேள்வி (நெடுங்கேணி, ஆட்ட நடத்துநர்): வன்னிக் காட்டையே களமாக வைத்து ஆட்டம் எழுதுகிறேன். குளக்கட்டில் திரியும் கொள்ளிவாய்ப் பேய்க்கு இரும்பு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை விதியாக்குவது எப்படி?

பதில்: இரவில் தனியே போகிறவர் மடியில் பாக்குவெட்டியோ ஆணியோ வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் அதை அப்படியே சேதக்குறைப்பாக எழுதினால் காப்பு பொருளற்றதாகிவிடும். ஏனெனில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் வாளும் இரும்புதானே. விதிநூல் சொல்லும் குளிரிரும்பு சாதாரண இரும்பன்று. நிலத்தின் ஆழத்தில் அகழ்ந்து, தன்மை கெடாதிருக்கக் குறைந்த சூட்டில் அடித்து உருவாக்கப்படுவது அது. ஆயுதத்தின் விலை இருமடங்காகும், மந்திரமேற்ற மேலும் 2,000 பொற்காசு ஆகும்.

ஆகவே இரண்டையும் பிரித்து வையுங்கள். சாதாரண இரும்பை மடியில் வைத்திருப்பவரை நெருங்க, பேய் முதலில் மனவுறுதிச் சோதனையில் வெல்ல வேண்டும். இது காவல் மட்டுமே. பேயைப் புண்படுத்தக் குளிரிரும்பு வேண்டும். மூன்றரைப் பதிப்பில் ட்ரையட் என்னும் மரமங்கையின் சவால்நிலை (எதிரியின் கடுமையைக் காட்டும் எண்) 3, காப்பு 5. அதே அளவு உங்கள் பேய்க்கும் போதும். சவால்நிலை 7 உள்ள நிம்ஃப் என்னும் ஃபே மங்கைக்கே 10தான் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, உண்மை ஆட்டக்காரர்களின் காதில் விழும் வழி. பொழுதுபட்டபின் இரும்பில்லாமல் படலையைத் தாண்ட விடாத ஒரு பாட்டியை வையுங்கள். பேய் துரத்தி வந்தும், சில்லில் இரும்பு வளையம் பூட்டிய வண்டிலுக்கு அருகே தயங்கி நிற்பதைக் காட்டுங்கள். சண்டையில் ‘சேதமில்லை’ என்று முடித்துவிடாமல், வெட்டிய இடத்தில் புகை கூடி மூடிக்கொண்டது என்று விவரித்து, எவ்வளவு சேதம் விழுங்கப்பட்டது என்பதை ஊகிக்க விடுங்கள். பிறகும் அவர்கள் வெறும் வாளோடு போனால், அது அவர்கள் பாடு.

கேள்வி (மல்லாவி): அடமன்டைன் கோடரியால் பூட்டிய இரும்புக் கதவை உடைக்கலாமா?

பதில்: மூன்றரைப் பதிப்பில் தாராளமாக உடைக்கலாம். அது 20க்குக் குறைந்த கடினத்தைப் பொருட்படுத்தாது. இரும்பின் கடினம் 10, கல்லின் கடினம் 8. நடத்துநர் திறப்பை எங்கே ஒளித்து வைத்தார் என்று தேட வேண்டியதில்லை.

கேள்வி (மீண்டும் கிளிநொச்சி): அப்படியானால் ஒவ்வொருவரும் உலோகத்துக்கு ஒன்றாக ஐந்து ஆயுதங்களைச் சுமக்க வேண்டுமா?

பதில்: மூன்றரைப் பதிப்பின்மேல் பலரும் வைத்த குறை இதுவே, அது நியாயமானதும்கூட. முதன்மை ஆயுதம் ஒன்றையும், குளிரிரும்பு, வெள்ளி அம்புகள் சிலவற்றையும், ஒரு பொல்லையும் வைத்துக்கொண்டு, அடமன்டைனைக் குழுவில் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். 3,000 பொற்காசு மேலதிகமாகக் கேட்கும் ஆயுதத்தை எல்லோரும் வாங்கத் தேவையில்லை.