சைக்கிளையும் ஓட்டுவோம், ஆளையும் ஓட்டுவோம்

கேள்வி: அமெச்சூர் சைக்கிள் ரேஸ் குரூப் ஒண்ணுல புதுசா சேர்ந்திருக்கேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கிட்டே இருக்காங்க, என்னையும் விட்டு வைக்கல. பாதி புரியல, பாதி வலிக்குது. எல்லா குரூப்லயும் இப்படித்தானா? எப்படி எடுத்துக்கறது?

ஆமாங்க, எல்லா குரூப்லயும் இப்படித்தான். இன்னும் சொல்லப்போனா ஆளை ஓட்டாத குரூப்பைப் பாத்தா தான் எனக்கு பயமா இருக்கும். நமக்கு ஒரு வசதி பாருங்க, சைக்கிளை ஓட்டுறதுக்கும் ஆளை ஓட்டுறதுக்கும் ஒரே வார்த்தை, அதனால "நேத்து நல்லா ஓட்டுனோம்"னு யாராவது சொன்னா எதை ஓட்டுனாங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது. நான் ஒம்போது வருஷமா இந்தக் கூட்டத்துல இருக்கேன், ஜெயிச்ச ரேஸ் எண்ணிக்கை பூஜ்யம். ஒரே ஒரு தடவை ஜெயிச்சிட்டதா ஒரு பத்து செகண்டு நெனச்சேன், அந்தக் கதை கீழ வருது.

மொதல்ல இவ்ளோ நக்கல் எங்கருந்து வருதுன்னு சொல்றேன். ரெண்டு டீம் ஆடுற ஆட்டத்துல எப்படியும் பாதிப் பேரு சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. சைக்கிள் ரேஸ்ல 60 பேரு கெளம்புனா 59 பேரு தோக்கணும், அதுவும் ஒவ்வொரு வாரமும், அதுவும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து தோக்கணும். இதை சீரியஸா எடுத்துக்கிட்டா மனுஷன் ரெண்டு மாசத்துல சைக்கிளை வித்துருவான். அதான் தோல்வியை ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கறோம், அவ்ளோதான்.

ரெண்டாவது விஷயம், இது தான் புதுசா வர்றவங்களுக்குப் புரியறதில்ல: இங்க யாரும் உக்கார வெச்சு பாடம் எடுக்க மாட்டாங்க, பாடமே கிண்டலா தான் வரும். உங்களை "அட்டை"ன்னு கூப்பிட்டாங்களா? அப்போ நீங்க முன்னாடி வந்து காத்தை வாங்காம எப்பவும் அடுத்தவன் பின்சக்கரத்துலயே ஒட்டிக்கிட்டு வர்றீங்கன்னு அர்த்தம். முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுக் குடுக்கறதால பின்னாடி வர்றவனுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஒழைப்பு மிச்சம், அதை சும்மா வாங்கிக்கிட்டு கடைசி 200 மீட்டர்ல வெளிய எட்டிப் பாத்து ஸ்பிரிண்ட் அடிச்சா எவன் சும்மா இருப்பான். என்னை மொத வருஷம் ஒருத்தர் கேட்டாரு, "தம்பி, நீ ஓட்டுறியா ஒட்டுறியா?"ன்னு. அடுத்த வாரத்துல இருந்து முறை போட்டு முன்னாடி வர ஆரம்பிச்சேன். எங்க குரூப்ல ஒரு பரம்பரை அட்டை இருக்கான், அவன் இதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கான்: பின்னாடி ஒருத்தன் ஒட்டி வந்தா முன்னாடி போறவனுக்கும் காத்து இழுவை கொஞ்சூண்டு கொறையுமாம், அதனால "உனக்கு நன்மை செஞ்சுக்கிட்டு தான்டா வர்றேன்"ம்பான். கொடுமை என்னன்னா அது உண்மை தான், ரெண்டு மூணு சதவீதம் வரைக்கும் கொறையும். உண்மையைப் பேசற அட்டையை ஒண்ணும் பண்ண முடியாது.

அதே மாதிரி தான் வலது கெண்டைக்கால்ல செயின்ரிங் (பெடல் பக்கத்துல செயின் சுத்தற பல் சக்கரம்) பல்லு பல்லா கருப்பு அச்சு விழுந்திருந்தா "டாட்டூ நல்லாருக்கு, எங்க போட்டீங்க?"ன்னு கேப்பாங்க. நிறுத்தும்போது கால் செயின்ல ஒரசுது, செயினும் அழுக்கா இருக்கு, ரெண்டையும் சரி பண்ணுன்னு அர்த்தம். பக்கத்துல பேசிக்கிட்டு போறப்ப எப்பவும் அரைச் சக்கரம் முன்னாடியே போறீங்கன்னா, அவன் எட்டிப் பிடிக்க நீங்க வேகத்தை ஏத்த அவன் ஏத்தன்னு ஈஸி ரைடு ரேஸா மாறிடும், அப்போ "என்னண்ணே, ஆபீஸுக்கு லேட்டா?"ன்னு ஒரு கேள்வி வரும். நேரா சொல்லிருந்தா கோவம் வந்திருக்கும் உங்களுக்கு, எனக்கும் தான்.

அப்புறம் பம்முறது. ரேஸ் ஸ்டார்ட் லைன்ல நின்னு காது குடுத்துக் கேளுங்க, ஒருத்தன் கூட நல்லா இருக்கமாட்டான். ஒருத்தனுக்கு முட்டி வலி, ஒருத்தனுக்கு தூக்கமே இல்ல, இன்னொருத்தன் "ரெண்டு வாரமா சைக்கிளையே தொடல மச்சான், சும்மா கூட்டத்தோட வந்துட்டுப் போறேன்"ம்பான். இதுக்கெல்லாம் எங்க குரூப்ல மொழிபெயர்ப்பு இருக்கு. சைக்கிளையே தொடலன்னா வீட்டுல ட்ரெய்னர் ஸ்டாண்டுல சைக்கிளை மாட்டி உக்காந்து ராத்திரி ராத்திரி மிதிச்சிருக்கான்னு அர்த்தம். "இன்னிக்கு ரெகவரி ரைடு தான்"னா மொத ஏத்தத்துலயே அட்டாக் வரும், அதாவது திடீர்னு வேகத்தை ஏத்தி எல்லாரையும் விட்டுட்டுப் போவான். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்"னு சொல்றவன் மட்டும் தான் உண்மை பேசறான், பாவம், அவனை ஓட்டாதீங்க.

ரேஸ் முடிஞ்சப்புறம் சாக்கு வேற ரகம். கியர் விழல, பிரேக் ஒரசிக்கிட்டே வந்துச்சு, மிதிக்கற பலத்தை அளக்கற பவர் மீட்டர் கம்மியா காட்டுது (அதிகமா காட்டுனா மட்டும் அது எப்பவுமே கரெக்ட்டு). எஃப்டிபின்னு ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கற பவர்னு வெச்சுக்கங்க, 20 நிமிஷம் உசுரைக் குடுத்து மிதிச்சு அந்த சராசரில 95 சதவீதம்னு கணக்கு போடுவாங்க. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் அந்த 95-ஐ மட்டும் மறந்துட்டு நேரா 20 நிமிஷக் கணக்கையே ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருந்தாரு, இப்ப அவர் எதைச் சொன்னாலும் "அண்ணே, அஞ்சு சதவீதம் கழிச்சுக்கறோம்"னு ஒரு சத்தம் வரும், வயசைச் சொன்னா கூட.

பார்ட்ஸ் வாங்கறவங்களை வெச்சு செய்யறது தனி. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ ரூல்ல ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாது, 2000ல இருந்து அது தான் சட்டம். ஆனா அந்த ரூலை எவனும் செக் பண்ணாத லோக்கல் ரேஸ்ல ஓடுற ஒருத்தன் கார்பன் அது இதுன்னு மாத்தி 300 கிராம் கொறச்சுட்டு வந்து நின்னான். நாங்க கணக்கு போட்டுக் குடுத்தோம்: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ சொச்சம், 300 கிராம்னா அதுல 0.4 சதவீதம் கூட வராது, 20 நிமிஷ ஏத்தத்துல நாலஞ்சு செகண்டு மிச்சம். "இதே 300 கிராமுக்கு பாட்டில்ல நாலு மடக்கு தண்ணி கம்மியா ஊத்தியிருக்கலாமேடா"ன்னோம். சமதரைல அந்த நாலஞ்சு செகண்டும் கிடையாது, அங்க எடையை விட காத்து தான் வில்லன், 30ல போறவன் 40ல போகணும்னா காத்தைத் தள்ள மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல பவர் வேணும். அதனால இப்ப அவன் எடையை விட்டுட்டு ஏரோ பக்கம், அதாவது காத்து இழுவையைக் கொறைக்கற சாமான் பக்கம் போயிட்டான், செலவு ரெண்டு மடங்கு, எங்களுக்கு கன்டென்ட்டும் ரெண்டு மடங்கு.

ஏரோன்னதும் ஞாபகம் வருது, எங்கள்ல முடி நீளமா வளத்து குடுமி கட்டிக்கிட்டு வர்ற ஒருத்தன் இருக்கான், அவனைப் பாத்தாலே எல்லாரும் கோரஸா "எட்டு செகண்டு"ம்பாங்க. 1989 டூர் டி பிரான்ஸ்ல கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனியா கெளம்பி நேரத்தோட மோதறது), லாரன் ஃபினோன் 50 செகண்டு முன்னாடி இருந்தாரு, ஹெல்மெட் இல்லாம குடுமி காத்துல ஆட ஓட்டுனாரு, கிரெக் லெமாண்ட் ஏரோ பாரு ஏரோ ஹெல்மெட்டுன்னு மாட்டிக்கிட்டு வந்து மொத்தக் கணக்குல எட்டே செகண்டு வித்தியாசத்துல டூரையே தூக்கிட்டாரு. குடுமியால தான் தோத்தாருன்னு சத்தியம் பண்ண முடியாது, ஏரோ பாருக்கும் அதுல பங்கு இருக்கு, ஆனா கிண்டலுக்கு அவ்ளோ ஆதாரம் போதும்.

கடைசியா வர்றவனையும் ஓட்டுவோம், ஆனா அதுல ஒரு மரியாதை கலந்திருக்கும். டூர்ல கடைசி எடத்துல முடிக்கறவருக்கு லான்டெர்ன் ரூஜ்னு பேரு, செவப்பு லாந்தர், ரயிலோட கடைசிப் பெட்டில தொங்குற வெளக்கு. 1979ல அந்தக் கடைசி எடத்துக்கே அடிதடி, ஆஸ்திரியாக்காரர் கெர்ஹார்ட் ஷோன்பாக்கரும் முந்தின வருஷம் கடைசியா வந்த பிலிப் டெஸ்னியேவும். காரணம் இருந்துச்சு, கடைசி ஆளுக்கும் பேரு கெடைக்கும், டூருக்கு அப்புறம் நடக்கற காட்சிப் போட்டிகளுக்குக் காசு குடுத்துக் கூப்பிடுவாங்க. கடைசிக்கட்ட டைம் ட்ரையல்ல யாரு மெதுவா போறதுன்னு ரெண்டு பேரும் போட்டி போட, டெஸ்னியே ரொம்பவே மெதுவா போயி டைம் லிமிட்டைத் தாண்டி ரேஸ்ல இருந்தே வெளிய போயிட்டாரு. கடைசி எடத்துக்கான போட்டிலயும் தோக்க முடியும்னு காட்டுன மனுஷன். எங்காளு எவனாவது ரொம்பப் பின்தங்குனா "டெஸ்னியே ஆயிடாத மாப்ள"ன்னு கத்துவோம், அப்புறம் ரெண்டு பேரு வேகத்தைக் கொறச்சு அவனை இழுத்துக்கிட்டு வருவாங்க. அந்த ரெண்டாவது பாதியைக் கவனிங்க, அது இல்லாத குரூப்னா கெளம்பிருங்க.

சரி, என் கதை. ரெண்டு கிலோமீட்டர் சுத்துல 15 லேப், கிரிட்டீரியம். நான் அதிசயமா முன் கூட்டத்துலயே இருந்தேன், மூச்சு வாங்குன வாங்குல லேப் போர்டைப் பாக்கறதை எப்பவோ விட்டுட்டேன். ஒரு கட்டத்துல எல்லாரும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்துச்சு, விட்டேன் பாருங்க ஸ்பிரிண்ட்டு, வாழ்க்கைல அப்படி மிதிச்சதில்ல, திரும்பிப் பாத்தா பின்னாடி ஒருத்தனையும் காணோம். லைனைத் தாண்டும்போது ரெண்டு கையையும் மேல தூக்கிட்டேன். அந்த நேரம் பாத்து மணி அடிச்சாங்க. எனக்காகத்தான் அடிக்கறாங்கன்னு நெனச்சு மணி அடிச்சவரைப் பாத்து தலையை வேற ஆட்டுனேன். கடைசி லேப்புக்கு அடிக்கற மணிங்க அது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் பாக்கி. நான் ஹாண்டில்ல கையே வைக்காம நிமிந்து உக்காந்து போயிட்டு இருக்கேன், மொத்தக் கூட்டமும் சர்ருன்னு தாண்டுது, ஒருத்தன் தாண்டும்போது "வாழ்த்துக்கள்ணே!"ன்னுட்டுப் போனான். திரும்பப் பிடிக்கலாம்னா கால்ல ஒண்ணுமில்ல. 41வதா வந்தேன்.

முடிஞ்சதும் எங்க சீனியர் அண்ணன், முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம வந்து கைகுடுத்து, "ஏன்ப்பா, பதினாலு லேப் ரேஸுக்கு மெடல் எங்க குடுக்கறாங்க?"ன்னாரு. அன்னிலேருந்து என் பேரு மணி. எனக்கு அப்பா அம்மா வெச்ச பேரு வேற, அதுல மணிங்கற எழுத்தே கெடையாது. ஆனா குரூப்ல பாதிப் பேருக்கு அது தெரியாது. "இப்ப மணி என்ன?"ன்னு ஒருத்தன் கேப்பான், "மணி இன்னும் அடிக்கலடா"ன்னு இன்னொருத்தன் சொல்லுவான், இது வருஷக்கணக்கா ஓடுது.

மொத வாரம் எனக்கும் வலிச்சுது. நெஞ்சு ஆறட்டும்னு பெரிய பெரிய ஆளுங்க கதையா தேடித் தேடிப் படிச்சேன். எரிக் ஜாபெல் 2004 மிலான் சான்ரெமோ ரேஸ்ல அஞ்சாவது தடவையா ஜெயிச்சிட்டேன்னு கையைத் தூக்க, அந்த கேப்ல ஆஸ்கர் ஃப்ரெய்ரே சக்கரத்தை முன்னாடி நீட்டிட்டாரு. 2020ல உலக சாம்பியன் ஜெர்ஸியைப் போட்டுக்கிட்டே லியேஜ் ரேஸ்ல ஜூலியன் அலஃபிலிப் கையைத் தூக்குனாரு, ப்ரிமோஸ் ரோக்லிச் உள்ள பூந்துட்டாரு. டோக்கியோ ஒலிம்பிக்ல அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தங்கம்னு நெனச்சு லைனைத் தாண்டுனா, ஆஸ்திரியால இருந்து வந்த அன்னா கீசன்ஹோஃபர்னு ஒரு கணக்கு டாக்டரேட், ப்ரோ டீம் கான்ட்ராக்ட் கூட இல்லாதவங்க, 75 செகண்டு முன்னாடியே வந்து தங்கத்தை எடுத்துட்டாங்க. இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கெழமை நின்னு பெருமையா சொன்னேன். பரம்பரை அட்டை பொறுமையா கேட்டுட்டு "ஜாபெல் ரெண்டாவது, வான் ஃப்ளூட்டன் வெள்ளி, நீ 41"ன்னான். அதோட ஆராய்ச்சியை நிறுத்திக்கிட்டேன்.

எதை சிரிச்சுக்கிட்டே விடக் கூடாதுன்னும் சொல்லிடறேன். உடம்பு எடையை வெச்சு வர்ற கிண்டலை நாங்க நிறுத்திட்டோம். ஏத்தம்னா எடை தான் கணக்குங்கறதால இந்த விளையாட்டுல அது சட்டுன்னு வாயில வந்துரும், ஆனா ஒருத்தன் நாங்க சிரிச்சதை மனசுல போட்டுக்கிட்டு சரியா சாப்பிடாமலே பல மாசம் ஓட்டி ஒரு நாள் பாதி வழில சுருண்டு உக்காந்துட்டான், எங்களுக்கு அன்னிக்கு தான் ஒறைச்சுது. அதே மாதிரி கீழ விழுந்தவனை அவனா சிரிக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பொண்ணு யாராவது தாண்டிப் போயிட்டா, அவங்க கிட்ட தோத்தவனை ஓட்டுறதும் எனக்குப் பிடிக்காது, அது அந்தப் பொண்ணு மிதிச்ச மிதியைக் கேவலப்படுத்தறது. இதெல்லாம் உங்க குரூப்ல நடந்தா நேரா சொல்லுங்க, சொல்லியும் நிறுத்தலன்னா அது ஓட்டுறது இல்ல, வேற.

மத்தபடி திருப்பி அடிங்க, ஆனா சைக்கிள் மேல இருக்கும்போது வேணாம், மூச்சு வேஸ்ட்டு. உங்களுக்குப் பட்டப்பேரு இன்னும் வரலன்னா கவலைப்படாதீங்க, நீங்க எதாவது ஒரு நாள் செய்வீங்க, வரும்.

போன மாசம் ஒரு ரேஸுக்கு எங்காளுங்களே சேர்ந்து எனக்கு என்ட்ரி போட்டிருந்தாங்க. ஸ்டார்ட் லைன்ல நம்பரும் பேரும் வாசிக்கறாங்க, "37, மணி"ன்னு மைக்ல வருது. வேற வழியில்லாம கையைத் தூக்குனேன். பின்னாடி இருந்து ஒரு குரல்: "டேய், இந்தத் தடவை ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே தூக்கிட்டான்டா!"