ஊர் இணைய இதழின் வரலாறு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி நடத்திய இணைய இதழ் நின்றுபோய்விட்டது. அதன் வரலாற்றை எழுத விரும்புகிறேன். வந்தவற்றில் பெரும்பகுதி வஃபாத் (மரண) அறிவிப்புகளும் நகராட்சிச் செய்திகளும்தாம். இதற்கொரு வரலாறா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் குறையாகச் சொல்லும் அந்த வஃபாத் அறிவிப்புகளிலிருந்தே தொடங்கலாம். அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 அன்று பெருநகரங்களில் தொடங்கிய பொது இணையச் சேவை நம் கடற்கரை ஊர்களின் வீடுகளுக்குள் வர வெகுகாலம் ஆயிற்று. ஆகவே உங்கள் இதழின் முதல் வாசகர்கள் பெரும்பாலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் அலுவலகக் கணினி வாய்த்திருந்த, பிழைப்புக்காக வெளிநாடு சென்ற சபராளிகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஊரில் யார் மறைந்தார், ஜனாஸா (இறுதித் தொழுகையும் அடக்கமும்) எப்போது, பிறை தென்பட்டதா என்பவையே அவர்களுக்குத் தலைப்புச் செய்திகள். இன்ன தெருவைச் சேர்ந்த இன்னாரின் மகனார், இன்னாரின் மருமகனார், துபாயில் இருக்கும் இன்னாரின் தகப்பனார் என்று நீளும் அந்த அறிவிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், எந்தத் தெருவினர் எப்போது எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதை, வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காத நுணுக்கத்தோடு நீங்கள் எழுதிவிட முடியும். ஆசிரியர் குழுவின் புகழ்ப் பட்டியலாக வரலாறு சுருங்கிவிடாமல் இருக்கவும் இது உதவும்.

உண்மையான இடர் எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தபோதிலும், வழக்கமான கணினிகளில் அது ஒழுங்காகத் தெரிவதற்கு விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை பரவ வேண்டியிருந்தது. அதுவரை டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகிய தமிழ்க் குறியாக்கங்களோடு ஆளுக்கொரு சொந்தக் குறியாக்கமும் புழங்கின. அந்தப் பக்கங்களை இன்று திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளே தெரியும். மாற்றும் செயலிகள் உண்டு. ஆனால் எந்தக் குறியாக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய முறைகளில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னும் யூனிகோடில் பின்னும் சேமிக்கப்படுவதால், மாற்றியபின் ‘கெ’, ‘கொ’ போன்றவை பிறழ்ந்திருக்கின்றனவா என்று வரிவரியாகச் சரிபார்ப்பதும் அவசியம். ஊர்ப்பெயரே பிழையாகிவிடும் வேலை இது.

தளத்தின் பழைய முகவரி நினைவிருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும், 2001-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வேபேக் மெஷினில் தேடுங்கள். படங்கள் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் பக்கங்களில் உள்ள தொலைபேசி எண்களை மறுபதிப்பில் நீக்கிவிடுங்கள்.

இதழ் எதை எழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணினி வைத்திருந்தவர்களின் இதழில் அதே கரையின் மீனவர் எவ்வளவு இடம்பெற்றார்கள் என்று பாருங்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 2016-இல்தான் ஒலிக்கத் தொடங்கியது.

முதல் வேலையாக, இதழை நடத்தியவர்களின் பழைய குறுந்தகடுகளில், குறியாக்கத்தை அடையாளம் காண உதவும் இதழின் எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.